தலைநகரில் நல்ல பீர்: எந்தக் கடையில் உட்காரலாம், எந்த டின்னைத் தொடக்கூடாது

கோலாலம்பூரில் நல்ல பீர் எங்கே கிடைக்கும் என்று தோட்டத்திலிருந்து வரும் உறவினர் கேட்டால், நம்மவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் பதிலாகச் சொல்கிறார்கள். "அந்தக் கடையில மூணு டின் பத்து வெள்ளி" என்பார்கள். அது எங்கே தயாரானது, எவ்வளவு நாள் வெயிலில் கிடந்தது, யார் வழியாகக் கடைக்கு வந்தது என்ற பேச்சே எழாது. குடிக்காதவர்கள் இதைப் படித்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. குடிப்பவர்களும், குடிப்பவரை வீட்டில் வைத்திருப்பவர்களும் படித்துவைத்தால் நல்லது. ஏனென்றால் நல்ல பீருக்கும் மலிவு பீருக்கும் உள்ள வித்தியாசம் ருசியோடு முடிவதில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லிவிடலாம். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் உசத்தி என்று நினைக்கிறோம். விஸ்கிக்கு அது பொருந்தலாம். பீர் அப்படியல்ல. போத்தலில் அடைத்த நாள் முதல் அதன் மணம் குறையத் தொடங்கும். வெப்பம் பட்டால் இன்னும் வேகமாகக் குறையும். ஆகவே தொழிற்சாலைக்கு அருகில், சீக்கிரம் விற்றுத் தீரும் கடையில் குடிக்கும் பீர்தான் நல்ல பீர்.

இந்த விஷயத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நாட்டின் இரண்டு பெரிய பீர் தொழிற்சாலைகளும் இங்கேதான் உள்ளன. கார்ல்ஸ்பெர்க் தொழிற்சாலை 1972 முதல் ஷா ஆலாமில் இயங்குகிறது. பழைய கிள்ளான் சாலையில், சுங்கை வேயில் 1960களின் நடுவில் கின்னஸ் தயாரிக்கத் தொடங்கிய தொழிற்சாலைதான் பின்னாளில் கின்னஸ் ஆங்கர் என்றாகி, 2016இல் ஹைனெக்கன் மலேசியா என்று பெயர் மாறியது. டைகர், ஆங்கர், கின்னஸ், ஹைனெக்கன் எல்லாம் அங்கிருந்து வருகின்றன. டைகர் பிறந்தது சிங்கப்பூரில், 1932இல். ஆனால் நாம் இங்கே குடிப்பது சுங்கை வே டைகர். ஆறாயிரம் மைல் கப்பலில் வந்த பெயர் தெரியாத பச்சைப் போத்தலைவிட, ஷா ஆலாமிலிருந்து போன வாரம் லாரியில் வந்த சாதாரணப் போத்தல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

பச்சைப் போத்தல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பீரில் கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப் பூவின் சத்து வெளிச்சம் பட்டால் கெட்டு, ஒரு நாற்றத்தை உண்டாக்கும். பச்சை நிறக் கண்ணாடியும் நிறமில்லாத கண்ணாடியும் வெளிச்சத்தை அதிகம் தடுப்பதில்லை. பழுப்புப் போத்தல் ஓரளவு தடுக்கும், டின் முழுக்கத் தடுக்கும். கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கிய பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால், உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கே உட்காரலாம்?

அதிகச் செலவில்லாமல் நல்ல பீர் குடிக்கச் சீனர் கோப்பிக் கடைகளும் இரவு உணவுக் கடைகளும்தான் முதல் இடம். அங்கே பீர் தேங்காது. மாலையில் இறங்கும் பெட்டி இரவில் காலியாகிவிடும். புக்கிட் பிந்தாங்கை ஒட்டிய ஜாலான் ஆலோர் இதற்குப் பெயர் போனது. சாலை நெடுக மேசை போட்டு, வாட்டிய மீனும் கோழி இறக்கையும் வைத்துப் பெரிய போத்தலைத் திறப்பார்கள். இன்று சுற்றுப்பயணிகள் கூட்டம் அதிகம், விலையும் அதற்கேற்றபடி ஏறிவிட்டது. அதே பீர், அதே சூட்டில் வறுத்த நூடல்ஸ், இன்னும் குறைந்த விலையில் வேண்டுமென்றால் குடியிருப்புப் பகுதிகளில் உள்ள கோப்பிக் கடைகளுக்குப் போகலாம். எது நல்ல கடை என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான்: அக்கம்பக்கத்து மேசைகளில் என்ன போத்தல் நிற்கிறது என்று பாருங்கள். எல்லா மேசையிலும் உள்ள பீர்தான் அந்தக் கடையில் புதியது.

இத்தகைய கடைகளில் ஒரு பெண் வந்து "என்ன பீர் வேணும்?" என்று கேட்பார். அவர் பெரும்பாலும் கடையின் ஊழியர் அல்லர். ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பீரை விற்க வந்தவர், ஆகவே தம் பீரைத்தான் நல்லது என்பார். அவருக்கு அது வேலை. வேண்டாம் என்றால் மரியாதையாகச் சொல்லிவிடலாம். இரண்டு போத்தல் உள்ளே போனதும் அவரிடம் அசடு வழிபவர்களைப் பார்த்தால் நமக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. இன்னொன்று: பல கடைகளில் காலிப் போத்தல்களை மேசைக்கு அடியிலேயே வைத்து, கடைசியில் அதை எண்ணித்தான் கணக்குப் போடுவார்கள். பக்கத்து மேசைப் போத்தல் நம் காலடிக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

சரித்திரத்தோடு குடிக்க விரும்புபவர்களுக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில், பழைய பேச்சில் பத்து ரோட்டில், கொலிசியம் கஃபே இருக்கிறது. 1921இல் தொடங்கிய இடம். ரப்பர்த் தோட்டத் துரைமார்களும் ஈயச் சுரங்கக்காரர்களும் பட்டணத்துக்கு வந்தால் இங்கேதான் கூடுவார்கள். சம்பள நாளன்று துரை இங்கே குளிர்ந்த பீர் குடித்தபோது, நம் தாத்தா பாட்டிமார் தோட்டத்துக் கள்ளுக்கடையில் வரிசையில் நின்றார்கள். அந்தக் கள்ளுக்கடைகளைப் பல இடங்களில் தோட்ட நிர்வாகமே நடத்தியது. கொடுத்த கூலியில் ஒரு பங்கு அன்று மாலையே அதே நிர்வாகத்தின் கல்லாவுக்குத் திரும்பிப் போகும் ஏற்பாடு அது. அதை எதிர்த்து 1947இல் கெடா மாநிலத்தில் தொண்டர் படையினரும் தோட்டப் பாட்டாளிகளும் கள்ளுக்கடை மறியல் செய்து, பீடோங்கில் போலீசாரோடு மோதல் வரை போனது பலருக்கு இன்று தெரியாது. குடிக்கு எதிரான போராட்டம் என்பதோடு, கூலி யார் பைக்குப் போகிறது என்ற போராட்டமாகவும் அது இருந்தது. இன்று அதே கொலிசியத்தில் யாரும் போய் உட்காரலாம். விலை கோப்பிக் கடை விலை இல்லை. ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

குழாயிலிருந்து பிடித்துத் தரும் பீர் வேண்டுமென்றால் சங்காட் புக்கிட் பிந்தாங் பக்கம் போக வேண்டும். மதுக்கூடங்கள் வரிசையாக உள்ள தெரு. மாலையில் பல கடைகள் விலையைக் குறைத்துத் தரும், இரவு ஏற ஏற விலையும் ஏறும். சிறு ஆலைகளில் தயாராகும் கைவினை பீர் விற்கும் கடைகளும் தலைநகரில் இருக்கின்றன. ருசி பலவிதம், விலை அதிகம். ஆனால் இந்த நாட்டில் அதற்கு இடைஞ்சலும் உண்டு. 2017இல் நடக்கவிருந்த பெட்டர் பீர் விழாவுக்கு அரசியல் எதிர்ப்பு கிளம்பி, கோலாலம்பூர் மாநகர் மன்றம் அனுமதி தராததால் விழாவே நடக்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை. பாட்டும் ஆட்டமும் உள்ள மதுக்கூடங்களில் பீர் விலையோடு செலவு நிற்காது. மேடையில் ஆடும் பெண்ணுக்கு மாலை போடச் சொல்வார்கள், அந்த மாலைக்கு ஒரு விலை இருக்கும். நாலு மாலை போட்ட பிறகு பில்லைப் பார்த்தால், அரிசிக்கும் பிள்ளையின் பள்ளிப் பேருந்துக்கும் வைத்திருந்த காசு அதில் இருக்கும். நல்ல பீர் தேடிப் போகிறவருக்கு அங்கே வேலையில்லை.

மாமாக் கடைக்குப் பையில் டின் கொண்டுபோய்க் குவளையில் ஊற்றிக் குடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஹலால் கடை. கடைக்காரருக்கு அதனால் எவ்வளவு தொல்லை என்று யோசிக்க வேண்டும்.

குவளையைப் பார்த்தே தெரியும்

குழாய் பீர் நன்றாக இருந்தால் போத்தலைவிட ருசி. மோசமாக இருந்தால் அதைவிட மோசம் எதுவுமில்லை. பீப்பாயிலிருந்து குழாய் வரை நீளும் பைப்பை ஒழுங்காகக் கழுவாவிட்டால் உள்ளே பாசி பிடித்ததுபோல் ஆகி, புளித்த வாடையோ வெண்ணெய் வாடையோ அடிக்கும். கூட்டமில்லாத கடையில் ஒரே பீப்பாய் நாள்கணக்கில் கிடக்கும். அங்கே போத்தல் கேட்பதே புத்திசாலித்தனம். குவளையையும் கவனியுங்கள். உள்பக்கம் குமிழிகள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தால் குவளை சரியாகக் கழுவப்படவில்லை. நுரை வந்த வேகத்தில் செத்துப்போனால் எண்ணெயோ சோப்போ ஒட்டியிருக்கிறது. மேலே இரண்டு விரல் நுரை நிற்பது ஏமாற்று அல்ல. அந்த நுரைதான் மணத்தைப் பிடித்து வைக்கிறது. கின்னஸ் குழாய் பீரை இரண்டு தவணையாக ஊற்ற வேண்டும், ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிடிக்கும். ஒரே மூச்சில் ஊற்றி நீட்டினால் அங்கே அவசரம்தான் இருக்கிறது, அக்கறை இல்லை.

கின்னஸ் என்றதும் இன்னொன்று. ஸ்டௌட் உடம்புக்கு நல்லது, இரத்தம் ஊறும், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கலாம், பச்சை முட்டை உடைத்து ஊற்றினால் பலம் என்றெல்லாம் நம் வீடுகளில் இன்னும் பேசுகிறார்கள். கின்னஸ் நிறுவனம் 1920களின் கடைசியில் செய்த விளம்பரம் அப்படி. அது நம் பாட்டி வைத்தியமாகவே மாறிவிட்டது. கறுப்பு நிறம் வறுத்த வாற்கோதுமையால் வருவது. இரும்புச்சத்தால் வந்ததல்ல. தாய்ப்பால் கொடுக்கும் பெண் குடித்தால் அது பாலிலும் கலக்கும். பிடித்தால் ருசிக்காகக் குடியுங்கள், மருந்தென்று யாருக்கும் ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

பில் விஷயம். மதுக்கூடத்தில் விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் தனி. 20 வெள்ளி என்று போட்டிருப்பது 23 வெள்ளி 20 காசாக வரும். நாலு பேர், ஆளுக்கு மூன்று குவளை என்றால் எவ்வளவு கூடும் என்பதை உட்காருவதற்கு முன்பே போட்டுப் பார்த்துவிடலாம்.

மூன்று டின் பத்து வெள்ளி எப்படிச் சாத்தியம்?

இப்போது ஆரம்பத்தில் சொன்ன அந்த மலிவு டின்னுக்கு வருவோம். இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

மலேசியாவில் பீருக்கான கலால் வரி அதிலுள்ள சுத்த மதுவின் அளவுப்படி விதிக்கப்படுகிறது. 2016 மார்ச் முதல் ஒரு லிட்டர் சுத்த மதுவுக்கு 175 வெள்ளி. 2025 நவம்பர் 1 முதல் அது 10 விழுக்காடு உயர்ந்து 192 வெள்ளி 50 காசு. சாதாரண டின் 320 மில்லிலிட்டர், மது 5 விழுக்காடு. அதாவது டின்னில் இருக்கும் சுத்த மது 16 மில்லிலிட்டர். இதற்குக் கலால் வரி மட்டும் 3 வெள்ளி 8 காசு. விற்பனை வரி இதற்கு மேல். பிறகு பீர் தயாரித்த செலவு, அலுமினிய டின், லாரி, கடை வாடகை, கடைக்காரர் லாபம். இத்தனையும் சேர்ந்துதான் கடைகளில் ஏழெட்டு வெள்ளி என்று நிற்கிறது. அப்படியிருக்க ஒருவர் மூன்று வெள்ளி சொச்சத்துக்கு டின்னை நீட்டுகிறார் என்றால், வரி கட்டவில்லை என்பது நிச்சயம். உள்ளே இருப்பது என்ன என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

"லங்காவியில் அந்த விலைக்கு விற்கிறார்களே" என்று கேட்கலாம். லங்காவி தீர்வையற்ற தீவு, அங்கே அது சட்டபூர்வம். பயணி தன் சொந்தத் தேவைக்கு ஒரு லிட்டர் வரை கொண்டுவரலாம். பெட்டி பெட்டியாகத் தலைநகருக்கு வந்தால் அது கடத்தல். 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 135ஆம் பிரிவு கடத்துகிறவரோடு நிற்பதில்லை. வரி கட்டாத சரக்கு என்று தெரிந்தே வைத்திருப்பவரையும் பிடிக்கும். கல்யாண வீட்டுக்கு, பிறந்தநாளுக்கு என்று மலிவாக இருபது பெட்டி இறக்கிக்கொள்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இன்னும் கவலை தருவது தோட்டப்புறக் கடைகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழேயும் விற்கும் 'ஸ்ட்ராங்' பீர். 500 மில்லிலிட்டர் டின், 8 விழுக்காடு மது. சுத்த மது 40 மில்லிலிட்டர். அதாவது ஒரு ஸ்ட்ராங் டின் இரண்டரை சாதாரண டின்னுக்குச் சமம். சட்டப்படி அதற்குக் கலால் வரி மட்டும் 7 வெள்ளி 70 காசு. அதை ஐந்தாறு வெள்ளிக்கு ஒருவர் விற்றால் கணக்கு உதைக்கிறது. "பீர்தானே" என்று நினைத்து மூன்று டின் குடிக்கிறவர் ஏழரை டின் குடிக்கிறார். பீர் என்ற பெயரில் சம்சுவின் வேலையை இது செய்கிறது.

டின்னைக் கையில் எடுத்ததும் லேபிளைப் படியுங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் மலேசிய முகவரியும் இருக்க வேண்டும். மது உடல்நலத்துக்குக் கேடு என்ற மலாய் எச்சரிக்கை இருக்க வேண்டும். காலாவதித் தேதி அழிக்கப்பட்டிருந்தால், நமக்குப் புரியாத மொழியில் மட்டுமே எழுத்திருந்தால், கீழே வைத்துவிடுங்கள்.

இது வெறும் வரிப் பிரச்சினை இல்லை என்பதை 2018 செப்டம்பர் காட்டியது. சிலாங்கூரிலும் தலைநகரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள். நாள் சம்பளத்தில் மலிவாக ஏதாவது தேடியவர்கள், ஒரு காலத்தில் நம் தாத்தாமார் இருந்த நிலையில் இருந்தவர்கள். அப்போது சந்தேகிக்கப்பட்டவற்றில் விஸ்கியோடு, பீர் என்று லேபிள் ஒட்டிய போத்தலும் இருந்தது.

மெத்தனால் தொழிற்சாலைச் சாராயம். நாக்கில் வித்தியாசம் தெரியாது. உடனே ஒன்றும் செய்யாது என்பதுதான் ஆபத்து. பெரும்பாலும் அரை நாள், ஒரு நாள் கழித்தே வேலையைக் காட்டும். வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல், கண் முன்னால் பனி மூட்டம் போலத் தெரிதல். வீட்டில் உள்ளவர்கள் மப்பு இன்னும் தெளியவில்லை என்று நினைத்து மோர் கொடுத்துத் தூங்க வைப்பார்கள். குடித்த மறுநாள் ஒருவர் கண் மங்குகிறது என்றால் தூங்க விடாதீர்கள். உடனே அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், குடித்த போத்தலையும் எடுத்துப் போங்கள், என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு போனால் உயிரையும் பார்வையையும் காப்பாற்றலாம்.

எத்தனை, எந்நேரம், எப்படி வீடு

சட்டப்படி மது விற்கக் குறைந்தபட்ச வயது 21. 2017 டிசம்பர் 1க்கு முன் அது 18 ஆக இருந்தது, நம் பெரியவர்களில் பலர் இன்னும் பதினெட்டு என்றே நினைத்திருக்கிறார்கள். தலைநகரில் மளிகைக் கடைகள் பீரைக் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரைதான் விற்கலாம் என்பது மாநகர் மன்றம் 2020இல் வகுத்த விதி. அதற்குப் பிறகு பின்கதவு வழியாகக் கொடுக்கும் கடையில் லேபிளை இரண்டு முறை படிப்பது நல்லது.

பெரிய போத்தல் ஒன்றில் ஏறக்குறைய 600 மில்லிலிட்டர் இருக்கும். அதில் உள்ள மதுவை உடம்பு கரைக்க மூன்று மணி நேரம் ஆகும். கறுப்புக் காப்பி, குளியல், எலுமிச்சைச் சாறு எதுவும் அதை விரைவுபடுத்தாது. 2020 அக்டோபர் 23 முதல் வாகனமோட்டிகளுக்கான வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம். முன்பு 80 ஆக இருந்தது. அறுபது கிலோ எடையுள்ளவர் வெறும் வயிற்றில் ஒரு பெரிய போத்தலை வேகமாகக் குடித்தாலே அந்த 50ஐத் தொட்டுவிடலாம். "ஒரு போத்தல்தானே" என்பது இனிப் பேச்சுக்கு உதவாது. வரம்பு மீறி ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறையே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, உரிமமும் போகும். மரணம் விளைவித்தால் 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம். மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டம்தான். லாரி, பேருந்து ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்தில் உரிமம் போவதென்றால் அடுப்பு அணைவது என்று பொருள்.

நல்ல வேளையாக மேலே சொன்ன இடங்கள் எல்லாம் ரயில் பாதையில் உள்ளவை. ஜாலான் ஆலோருக்கும் சங்காட்டுக்கும் புக்கிட் பிந்தாங் எம்ஆர்டி அல்லது மோனோரயில். கொலிசியத்துக்கு மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டியில் இறங்கி நடக்கலாம். பிரிக்ஃபீல்ட்சுக்குக் கேஎல் சென்ட்ரல். நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடும் என்பதால் பத்தரை, பதினொன்றுக்குள் பில் கேட்டுவிடுவது நல்லது. தவறினால் கிராப் கட்டணம் இன்னும் இரண்டு போத்தல் விலைக்கு வரும்.

காஜாங்கிலோ ரவாங்கிலோ கிள்ளானிலோ மோட்டாரை ரயில் நிலையத்தில் நிறுத்திவிட்டு வந்தவர்கள், திரும்பும்போது அதை எடுத்து ஓட்டினால் ரயிலில் வந்ததற்குப் பலனில்லை. கடைசி ஐந்து கிலோமீட்டர் தோட்டச் சாலை, விளக்கும் இருக்காது. புறப்படும் முன்பே மகனிடமோ மச்சானிடமோ எத்தனை மணிக்கு நிலையத்துக்கு வர வேண்டும் என்று சொல்லி வைத்து, சாவியையும் அவரிடமே கொடுத்துவிட்டு ரயிலேறுங்கள்.